சுட்ட கோழியும் உருளைக்கிழங்கும்

சுட்ட கோழியும் உருளைக்கிழங்கும் என்பது, தயிரிலும் மசாலாவிலும் ஊறவைத்த கோழி இறைச்சியைத் தணலில் வாட்டி, புளிப்பும் இனிப்பும் காரமும் கலந்த சாந்து பூசி, அவித்தோ சுட்டோ எடுத்த உருளைக்கிழங்குடன் உண்ணும் உணவு ஆகும். மேலைநாடுகளில் பார்பிக்யூ என்ற பெயரில் பரவிய இவ்வுணவு, தமிழ்நாட்டின் நகரங்களில் பெரும்பாலும் இரவு உணவாக உண்ணப்படுகிறது. புரதம் மிகுந்ததாகவும், சர்க்கரை, உப்பு, எண்ணெய் குறைந்ததாகவும் இதை வீட்டிலேயே செய்து கொள்ள இயலும். இக்கட்டுரை அவ்வகைச் செய்முறையையும் அதன் சத்துக் கணக்கையும், தூத்துக்குடி வட்டாரத்தில் கிடைக்கும் பொருட்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

இவ்வுணவின் நன்மை தீமைகள் கோழி இறைச்சியால் மட்டும் அமைவன அல்ல. பூசப்படும் சாந்து, கருகலின் அளவு, கிழங்கு சமைக்கப்படும் முறை, கூடவே சோறோ பரோட்டாவோ வைக்கப்படுகிறதா என்பது ஆகிய நான்குமே பெரும் வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

பெயர்

பார்பிக்யூ என்ற சொல் கரிபியன் தீவுகளின் பழங்குடியினரான தைனோ மக்களின் மொழியிலிருந்து, பார்பக்கோவா என்ற வடிவில் இசுபானியத்துக்கு வந்து, அங்கிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. நெருப்புக்கு மேலே குச்சிகளால் கட்டிய பரணை அச்சொல் முதலில் குறித்தது.

தமிழில் இதற்குச் சுடுதல், வாட்டுதல் என்ற இரு சொற்கள் உள்ளன. நேரடியாகத் தணலில் இடுவது சுடுதல். தணலுக்குச் சற்று மேலே பிடித்து ஈரம் வற்றச் செய்வது வாட்டுதல். கடைகளில் கிரில் சிக்கன், பார்பிக்யூ சிக்கன், தந்தூரி சிக்கன் என்ற பெயர்களே வழங்குகின்றன. இவை மூன்றும் ஒன்றல்ல. கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் சுழன்று கொண்டே வேகும் முழுக்கோழி கிரில் சிக்கன் ஆகும். மண்ணால் ஆன ஆழமான தந்தூர் அடுப்பில் கம்பியில் கோத்து இறக்கப்படுவது தந்தூரி. கரித்தணலுக்கு மேலே கம்பிவலையில் கிடத்திச் சாந்து பூசப்படுவது பார்பிக்யூ.

வரலாறு

இறைச்சியைச் சுட்டு உண்ணுதல் தமிழகத்தில் மிகப் பழைய வழக்கம். பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பொருநராற்றுப்படையில், கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டுகள் விருந்தினருக்கு அளிக்கப்பட்ட செய்தி உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, மருதநில உழவர் ஊர்களில் பாணர்களுக்கு வெண்ணெல் சோற்றுடன் வீட்டில் வளர்த்த பேட்டுக்கோழியின் 'வாட்டு' கிடைக்கும் என்கிறது. வாட்டு என்பதே அக்காலத்தில் சுட்ட இறைச்சிக்குரிய பெயர்ச்சொல்லாக இருந்தது. இன்று அச்சொல் வழக்கிழந்து, அதன் இடத்தில் கிரில் என்பது நிற்கிறது.

வீட்டுக்கோழி தென்கிழக்கு ஆசியப் பகுதியின் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து தோன்றியது. ஆயினும் பல வீட்டுக்கோழிகளில் காணப்படும் மஞ்சள் நிறத் தோலுக்குக் காரணமான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என 2008 இல் வெளியான மரபியல் ஆய்வொன்று காட்டியது.

இந்தியாவில் சுட்ட கோழியை உணவகப் பண்டமாக்கியது தந்தூரி ஆகும். 1947 பிரிவினைக்குப் பின்னர் பெசாவரிலிருந்து தில்லிக்கு வந்தவர்கள் தரியாகஞ்சில் நடத்திய மோதி மகால் உணவகம் வழியாக அது புகழ் பெற்றது. தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் கிரில் சிக்கன் கடைகள் பரவியது இதற்கு வெகுகாலம் கழித்தே. பல்லடம், கோயம்புத்தூர் பகுதிகளில் பிராய்லர் கோழி வளர்ப்பு பெருந்தொழிலாக வளர்ந்து, கோழி இறைச்சி ஆட்டிறைச்சியைவிட மிக மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது இதற்கு முதன்மையான காரணமாகும்.

உருளைக்கிழங்கின் தாயகம் தென்னமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடர். 16 ஆம் நூற்றாண்டில் இசுபானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். இந்தியாவின் மேற்குக் கரைக்கு அது போர்த்துக்கீசர் வழியாக வந்தது. மராத்தி, குசராத்தி மொழிகளில் அக்கிழங்கு இன்றும் பட்டாட்டா எனப்படுகிறது. தமிழ்நாட்டில் அதன் பயிர் வரலாறு நீலகிரியில் தொடங்குகிறது. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் அம்மலையில் அறிமுகப்படுத்திய ஐரோப்பியக் காய்கறிகளுள் உருளைக்கிழங்கும் ஒன்று. உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 1957 இல் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. 1961 இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழு அப்பயிருக்குப் பெருங்கேடாக அமைந்தது. மலையில் விளையும் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிகள் வழியாகத் தென்மாவட்டங்களுக்கு வருகிறது. கடைகளில் 'ஊட்டி உருளை' எனத் தனியாகச் சொல்லி விற்கப்படுவது அதுவே.

தூத்துக்குடியில்

சுட்ட கோழி தூத்துக்குடியின் மரபு உணவு அன்று. முத்துக்குளித்துறைக் கரையின் உணவு மீனையும் சோற்றையும் சார்ந்தது. நகரின் இரவுக் கடைகளோ பரோட்டாவுக்கும் சால்னாவுக்கும் பெயர் பெற்றவை. இருந்தும் இவ்வுணவுக்குத் தேவையான பொருட்கள் இவ்வட்டாரத்தில் கிடைக்கும் அளவுக்கு வேறெங்கும் ஒருசேரக் கிடைப்பது அரிது.

முதலாவது, கரி. தூத்துக்குடி மாவட்டத்தின் விளாத்திகுளம் பகுதியிலும், அடுத்துள்ள இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களிலும் சீமைக்கருவேல் மரத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டு மரக்கரி எடுப்பது மானாவாரி நிலத்து மக்களின் முக்கியமான தொழில். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19 ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேல், நீர்நிலைகளையும் தரிசுகளையும் மூடிப் பரவியதால் இன்று பெரிதும் வெறுக்கப்படும் மரமாகும். ஆனால் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் பார்பிக்யூவுக்கென விரும்பித் தேடப்படும் மெசுகீட்டு மரம் இதன் நெருங்கிய உறவினம். அடர்த்தியான அக்கரி நெடுநேரம் சீரான சூட்டுடன் கனல்வது இரு நாட்டிலும் அதன் மதிப்புக்குக் காரணம்.

இரண்டாவது, உப்பு. இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குசராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு உரியது. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி உப்பளங்களில் விளைகிறது. மூன்றாவது, கருப்பட்டி. உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023 இல் புவிசார் குறியீடு பெற்றது. பார்பிக்யூ சாந்துக்கு மேலைநாட்டார் சேர்க்கும் பழுப்புச் சர்க்கரையின் இடத்தைக் கருப்பட்டி எளிதில் நிரப்புகிறது. அதில் இயல்பாகவே உள்ள புகைமணம் கூடுதல் பொருத்தம்.

கிழங்கு, மிளகாய், தக்காளி, கரிக்கான மரம் ஆகிய நான்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. 2017 க்கு முன்னர் இத்தடை 45 நாட்களாக இருந்தது. அக்காலத்தில் நாட்டுப்படகு மீன் மட்டுமே வருவதால் விலை கூடும். கடற்கரை வீடுகளில் கோழி இறைச்சி மீனுக்கு மாற்றாக அடுப்பேறும் பருவம் இது.

சத்துக் கணக்கு

2020 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 65 கிலோகிராம் எடையுள்ள ஆணுக்கு இது 54 கிராம். 55 கிலோகிராம் எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராம்.

நாள்தோறும் மூன்று வேளையும் அரிசி உண்பவருக்கு இவ்வளவு எட்டுவது எளிதன்று. வேகவைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் 130 கலோரியும் 28 கிராம் மாவுச்சத்தும் உள்ளன, புரதம் 2.7 கிராம் மட்டுமே. இந்தியரின் உணவில் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாகவும், புரதத்தின் பங்கு 12 விழுக்காடு அளவிலேயே நிற்பதாகவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வின் 2025 ஆம் ஆண்டு அறிக்கை தெரிவித்தது. அதே ஆய்வின் 2023 ஆம் ஆண்டு அறிக்கை, வளர்ந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்திருந்தது.

தோல் நீக்கிச் சுட்ட கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறத்தாழ 31 கிராம் புரதமும் 165 கலோரியும் 3.6 கிராம் கொழுப்பும் உள்ளன. தொடைக்கறியில் புரதம் 25 கிராம் அளவாகக் குறையும். கொழுப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும். அதனாலேயே அது சுடும்போது உலர்ந்து போகாமல் மென்மையாக இருக்கிறது. வெந்த தோலிலோ 100 கிராமுக்கு 40 கிராம் அளவுக்குக் கொழுப்பு உண்டு. கோழி இறைச்சி கொழுப்பு குறைந்தது என்ற கூற்று தோல் நீக்கிய இறைச்சிக்கே பொருந்தும். தோலுடன் சுழலும் கடைக் கோழிக்கு அது பொருந்தாது.

உருளைக்கிழங்கைப் பற்றிய பொதுக்கருத்து இதற்கு நேர்மாறானது. அது உடலைப் பருக்க வைக்கும் என்பர். தோலுடன் அவித்த கிழங்கு 100 கிராமில் 87 கலோரியும் 20 கிராம் மாவுச்சத்தும் ஏறத்தாழ 2 கிராம் புரதமும் மட்டுமே உள்ளன. எடைக்கு எடை சோற்றைவிட இது குறைவு. அதே கிழங்கு எண்ணெயில் பொரிந்து விரல்வறுவல் ஆகும்போது நீர் வெளியேறி எண்ணெய் உட்புகுவதால் 100 கிராம் 310 கலோரி அளவுக்கு உயர்கிறது.

தமிழர் உணவில் உருளைக்கிழங்கின் உண்மையான சிக்கல் அது வைக்கப்படும் இடத்தில் உள்ளது. அரிசியாகிய மாவுச்சத்துக்கு மற்றொரு மாவுச்சத்தான உருளைக்கிழங்குப் பொரியல் தொட்டுக்கொள்ளும் கறியாகிறது. இங்கே விவரிக்கப்படும் உணவில் கிழங்கு கறி அன்று. சோற்றின் இடத்தையே அது எடுத்துக் கொள்கிறது. இதனுடன் பரோட்டாவோ பிரியாணியோ சேர்க்கப்பட்டால் மேற்சொன்ன கணக்கு முழுவதும் குலைந்துவிடும்.

ஒருவருக்குச் சுட்ட கோழி 150 கிராம், கிழங்கு 200 கிராம், கீழே தரப்படும் சாந்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய், பச்சைக்காய்கறி எனக் கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 550 கலோரியும் 45 கிராம் புரதமும் கிடைக்கும். ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு புரதத்திலிருந்து வருகிறது. ஒரே வேளையில் நாள் முழுவதற்கும் வேண்டிய புரதத்தை உண்ண வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. காலையிலும் நண்பகலிலும் முட்டை, பயறு, மீன் உண்போருக்கு 100 கிராம் கோழியே மிகப் போதுமானது. உயர்புரதம் என்ற சொல்லுக்கு இந்நாளில் விளம்பரங்கள் தரும் மதிப்பு சற்று மிகையானது.

சாந்து

கடைகளில் புட்டியில் விற்கப்படும் பார்பிக்யூ சாந்தில் 100 கிராமுக்கு 33 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருப்பது இயல்பு. உற்பத்தியாளருக்கேற்ப இது மாறும். இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிக்கொண்டால் 12 கிராம் சர்க்கரையும் ஏறத்தாழ 0.9 கிராம் உப்பும் உடலில் சேரும். உலக நலவாழ்வு நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாகவும், சேர்க்கப்படும் சர்க்கரை கூடுமானவரை 25 கிராமுக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அவ்வரம்பில் பாதிச் சர்க்கரை ஒரு சாந்திலேயே தீர்ந்துவிடுகிறது.

வீட்டுச் சாந்துக்கு நால்வருக்குத் தக்காளி 250 கிராம், சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல், வற்றல் மிளகாய் நான்கு, நெல்லிக்காய் அளவு புளி, கருப்பட்டி 20 கிராம், மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி ஆகியவை போதும். வெங்காயம், பூண்டு, மிளகாய் ஆகியவற்றை ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் வதக்கி, தக்காளி சேர்த்துக் குழைய வேகவிட்டு அரைத்து, புளிக்கரைசலும் வடிகட்டிய கருப்பட்டிப் பாகும் ஊற்றி, கரண்டியில் ஒட்டும் பதம் வரும்வரை சுண்டக் காய்ச்ச வேண்டும். உப்பு தனியாகத் தேவையில்லை. கோழியில் உள்ளதே போதும். ஒருவருக்குச் சேரும் கருப்பட்டி 5 கிராம் மட்டுமே.

கருப்பட்டியில் சிறிதளவு தாதுப்பொருட்கள் உள்ளன. ஆனால் அதன் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்குரோசுதான். நீரிழிவு உடையோர் கருப்பட்டியைத் தாராளமாக உண்ணலாம் என்ற நம்பிக்கை தவறானது. மேற்கண்ட சாந்து ஓரளவு நன்மையுடையது என்றால் அதற்குக் காரணம் கருப்பட்டியின் வகை அன்று, அதன் அளவு.

செய்முறை

எலும்பும் தோலும் நீக்கிய கோழி 800 கிராம், நெஞ்சும் தொடையும் பாதிப்பாதியாக, நால்வருக்கு வேண்டும். வெந்தபின் அது 600 கிராம் அளவாகக் குறையும். நெஞ்சுக்கறி ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருப்பதால், கனமான பகுதியைப் பிளந்து விரித்து இரண்டு செ.மீ. தடிமனுக்குக் கொண்டுவர வேண்டும். இதைச் செய்யாவிடில் மெலிந்த முனை உலர்ந்து நாராகும்போது நடுப்பகுதி வேகாமல் நிற்கும். வீட்டில் சுடும் கோழி சுவையற்றுப் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கெட்டித்தயிர் 150 கிராம், ஒரு எலுமிச்சையின் சாறு, இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள், மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி (சுமார் 6 கிராம்) உப்பு ஆகியவற்றைக் கலந்து கோழியில் பூசி, குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மணி முதல் ஆறு மணி நேரம்வரை ஊறவிட வேண்டும். புளிப்பில் ஓரிரவுக்கு மேல் கிடந்தால் இறைச்சியின் மேற்பரப்பு மாவு போலக் குழைந்துவிடும். நிறத்துக்குக் காசுமீரி மிளகாய்த்தூள் போதுமானது. செயற்கை நிறமிகளைக் கோழி, மீன் கபாபுகளில் சேர்ப்பதைக் கருநாடக அரசு 2024 சூனில் தடை செய்தது.

கரியை மூட்டியபின் 20 முதல் 30 நிமிடம் பொறுத்து, சுடர் அடங்கி மேலே சாம்பல் பூத்த பிறகே கம்பிவலையை வைக்க வேண்டும். தணலை அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்கி வைப்பது நல்லது. கோழியைத் தணல் உள்ள பக்கத்தில் இருபுறமும் சிவக்கச் செய்து, பிறகு தணல் இல்லாத பக்கத்துக்கு நகர்த்தி மூடிபோட்டு உள்ளே வேகவிடலாம். விரித்த நெஞ்சுக்கறி பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடத்திலும், எலும்பற்ற தொடை ஏழெட்டு நிமிடத்திலும் வெந்துவிடும். எலும்புடன் கூடிய கால்துண்டுக்கு முக்கால் மணி நேரம்வரை தேவைப்படலாம்.

சாந்தைக் கடைசி மூன்று நான்கு நிமிடங்களில் மட்டுமே பூச வேண்டும். முன்னதாகப் பூசினால் அதிலுள்ள சர்க்கரை இறைச்சி வேகுமுன்பே கருகிக் கசக்கும். பூசுவதற்கான சாந்தையும் உண்ணும்போது தொட்டுக்கொள்ளும் சாந்தையும் முதலிலேயே தனித்தனிக் கிண்ணங்களில் பிரித்து வைப்பது முறை. பச்சை இறைச்சியைத் தொட்ட தூரிகை மற்றொன்றில் படக்கூடாது. இறக்கிய கோழியை ஐந்து நிமிடம் ஆறவிட்டு வெட்டினால் சாறு வெளியேறாது.

கரியடுப்பு இல்லாதவர்கள் கனமான தோசைக்கல்லிலோ, 200 பாகை செல்சியசில் சூடாக்கிய மின்னடுப்பில் 20 முதல் 25 நிமிடம் வைத்தோ இதைச் செய்யலாம். புகைமணம் குறையும், சத்துக் கணக்கில் மாற்றமில்லை. மூடிய அறைக்குள் கரியடுப்பு மூட்டுவது உயிருக்கு ஆபத்தானது. மணமோ நிறமோ அற்ற கார்பன் மோனாக்சைடு வளிமம் அறையில் சேர்ந்து, உறக்கத்திலேயே உயிரிழப்பை உண்டாக்கும். அடுக்குமாடி வீடுகளின் மூடிய பால்கனிகளும் இதில் அடங்கும்.

கிழங்கு

நால்வருக்கு 800 கிராம் கிழங்கைத் தோலுடன் கழுவி, 15 முதல் 20 நிமிடம்வரை, கத்தி தடையின்றி இறங்கும்வரை அவிக்க வேண்டும். ஆறியபின் தோலுடனேயே விரற்கடைத் தடிமனுக்கு நறுக்கி, மூன்று தேக்கரண்டி எண்ணெயும் மிளகும் கறிவேப்பிலையும் புரட்டி, கம்பிவலையில் பொன்னிறம் வரும்வரை சில நிமிடங்கள் வாட்டினால் போதும். பச்சைக் கிழங்கைத் தணலில் புதைத்துச் சுடுவதும் உண்டு. அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும்.

அவித்தபின் வாட்டுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மாவுச்சத்துள்ள உணவை 120 பாகை செல்சியசுக்கு மேல் ஈரமின்றிச் சூடாக்கும்போது அக்ரைலமைடு என்ற வேதிப்பொருள் உண்டாவதைச் சுவீடன் நாட்டு அறிவியலாளர்கள் 2002 இல் அறிவித்தனர். இது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் பொருட்களின் வரிசையில் உள்ளது. அவித்தலில் இது தோன்றுவதில்லை. முன்பே வெந்த கிழங்கைச் சிறிது நேரம் பொன்னிறமாக வாட்டும்போது உண்டாகும் அளவு, கரும்பழுப்பாகும்வரை பொரிப்பதைவிடக் குறைவு.

அவித்த கிழங்கு குருதிச் சர்க்கரையை விரைந்து உயர்த்தும் தன்மையுடையது. அவித்ததைக் குளிரவைத்தால் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிமானமாகாத வடிவத்துக்கு மாறுவதால் இவ்வேகம் ஓரளவு குறைகிறது. மீண்டும் சூடாக்கினாலும் அப்பகுதி முழுவதும் மறைந்து விடுவதில்லை. முதல்நாள் அவித்து வைத்த கிழங்கை மறுநாள் வாட்டுவது இவ்வகையில் வசதியானது. முதலில் பச்சைக்காய்கறியையும் கோழியையும் உண்டு, இறுதியில் கிழங்கை உண்பதும் உதவும். பச்சை நிறம் படர்ந்த கிழங்கிலும் முளைகளிலும் சோலனைன் என்ற நச்சு இருப்பதால் அவற்றை வெட்டி நீக்க வேண்டும். பெரும்பகுதி பச்சையானால் கிழங்கையே தவிர்க்க வேண்டும்.

கருகலும் புகையும்

இறைச்சி ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேல் நெடுநேரம் சூடாகும்போது அதன் தசையில் உள்ள பொருட்களிலிருந்து பல்லினவளைய அமைன்கள் தோன்றுகின்றன. உருகிய கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையில் பென்சோபைரீன் போன்ற பல்வளைய ஐதரோகார்பன்கள் இறைச்சியின் மேல் படிகின்றன. பென்சோபைரீன் மனிதருக்குப் புற்றுநோயூட்டி எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. அம்முகமை 2015 இல் எச்சரித்த சிவப்பு இறைச்சி, பதப்படுத்திய இறைச்சி ஆகிய வகைகளில் புதிய கோழி இறைச்சி இல்லை. ஆயினும் கருகலுக்கும் புகைக்கும் கோழி விதிவிலக்கு அன்று.

எப்போதாவது ஒருநாள் சுட்ட கோழி உண்பவர் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. வாரம் பலமுறை உண்போர் சிலவற்றைக் கடைப்பிடிக்கலாம். ஊறவைத்த இறைச்சியில் இவ்வமைன்கள் கணிசமாகக் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தோலையும் கொழுப்பையும் முன்பே நீக்கினால் சொட்டுவது குறையும். அடிக்கடி திருப்புவதும், சுடர் எழும்போது இறைச்சியை நகர்த்துவதும், கருகிய பகுதியைச் சுரண்டி எறிவதும் பயன் தரும்.

பாதுகாப்பு

கருகலுக்கு அஞ்சி அரைவேக்காட்டில் இறக்குவது அதைவிடப் பெரிய தீங்கு. பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் ஆகிய நுண்ணுயிரிகள் இருப்பது இயல்பு. கனமான பகுதியின் நடுவில் 74 பாகை செல்சியசு எட்டினால் அவை அழியும். இதை அளக்க ஊசி வெப்பமானியே நம்பத்தக்க வழி. வெளிப்புற நிறமும் வெளிவரும் சாற்றின் தெளிவும் ஏமாற்றக்கூடியவை. பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவுவது தமிழ் வீடுகளில் விடாத பழக்கமெனினும், தெறிக்கும் நீர் நுண்ணுயிரிகளை அடுக்களை முழுவதும் பரப்புவதால் அது பரிந்துரைக்கப்படுவதில்லை. கழுவியே ஆக வேண்டுமெனில் ஆழமான பாத்திரத்துக்குள் தெறிக்காமல் கழுவி, தொட்டியையும் கையையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

கடைகளில் கிரில் சிக்கனுடன் தரப்படும் மயோனைசு தனியே கவனிக்கத்தக்கது. 30 கிராம் மயோனைசில் 200 கலோரி அளவுக்கு ஆற்றல் உண்டு. அது முழுவதும் ஏறத்தாழ எண்ணெயே. பச்சை முட்டையில் செய்யப்படும்போது நுண்ணுயிரிகள் பெருகும் வாய்ப்பும் மிகுதி. இதனால் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைசின் உற்பத்தியையும் விற்பனையையும் தடை செய்தது. வீட்டில் அதற்கு மாற்றாக, துணியில் கட்டி நீர் வடித்த தயிரில் பூண்டும் மிளகும் எலுமிச்சைச் சாறும் கலந்து கொள்ளலாம். அது புரதத்தையும் சிறிது கூட்டுகிறது.

யாருக்குப் பொருந்தாது

நாட்பட்ட சிறுநீரக நோய் உடையோருக்கு மருத்துவர்கள் புரதத்தின் அளவை வரையறுப்பர். பலருக்குப் பொட்டாசியத்தையும் குறைக்கச் சொல்வர். இவ்வுணவில் கோழி முதலாவதிலும், உருளைக்கிழங்கும் தக்காளியும் இரண்டாவதிலும் மிகுந்தவை. நீரிழிவு நெடுநாள் இருந்தவர்களில் பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பது தெரியாமலேயே இருக்கும். ஆகவே நீரிழிவுக்கு நல்லது எனக் கேள்விப்பட்டு உயர்புரத உணவுக்கு மாறுவோர் முதலில் சிறுநீரகச் சோதனை செய்து கொள்வது தேவை. கிழங்கைத் தோல் சீவி, நறுக்கி, மிகுந்த நீரில் அவித்து அந்நீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் ஓரளவு குறையும். உயர் குருதியழுத்தம் உடையோர் உப்பைப் பாதியாக்கி, எலுமிச்சையையும் மிளகையும் கூட்டலாம்.

மாற்று வடிவங்கள்

நாட்டுக்கோழியை நேரடியாகத் தணலில் சுட்டால் இறைச்சி கடினமாகும். அரைமணி நேரம் மூடி வேகவைத்து, பின்னர் வாட்டுவதே ஏற்றது. வெந்த நீர் சாறாகப் பயன்படும்.

உருளைக்கிழங்குக்கு மாற்றாகத் தென்மாவட்டங்களில் சீனிக்கிழங்கு எனப்படும் சர்க்கரைவள்ளிக்கிழங்கை வைப்பதுண்டு. தைப்பொங்கலை ஒட்டித் தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பகுதிகளில் கட்டுக்கட்டாக வந்து குவியும் பனங்கிழங்கும் நார்ச்சத்து மிக்க மாற்றாகும். அதை அவித்து நாருரித்த பின்னரே தணலில் காட்ட வேண்டும்.

மீன் கிடைக்கும் காலத்தில் கோழிக்குப் பதிலாகச் சாளை, பாறை போன்றவற்றை இதே சாந்துடன் சுடலாம். புரத அளவு கோழிக்கு நெருங்கியதே. சாளையில் ஒமேகா-3 கொழுப்பு கூடுதல். மீனைத் தயிரில் ஊறவைக்க வேண்டியதில்லை. உப்பும் மஞ்சளும் எலுமிச்சையும் தடவிக் கால்மணி நேரம் வைத்தால் போதும். இறைச்சி உண்ணாதோர் பன்னீரையோ சோயாக்கட்டியையோ பயன்படுத்துகின்றனர். பன்னீரில் கொழுப்பு மிகுதி என்பதால், 150 கிராம் கோழிக்கு 150 கிராம் பன்னீர் என எடைக்கு எடை மாற்றினால் ஆற்றலின் அளவு வெகுவாகக் கூடிவிடும்.